எதனோடும் கூடாத வாயு

கோயம்புத்தூரிலிருந்து சத்தி ரோட்டில் கணபதிக்கு வருகிறவர், டெக்ஸ்டூல் நிறுத்தத்தை அடுத்த தெருக்களுக்குள் சற்றே திரும்பினால், லேத்துப் பட்டறைகளுக்கும் பவுண்டரிகளுக்கும் இடையே ‘ஆர்கான் வெல்டிங்’ என்று எழுதிய பலகைகளைக் காணாமல் கடந்து போவது அரிது. அதைப் படிக்கிற சாமானியர், உலோகத்தையே உருக்கிவிடும் ஏதோ ஓர் உக்கிரமான வாயு அது என்று எண்ணிக்கொண்டால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், தானும் எரியாமல், பிறவற்றை எரியவும் விடாமல், சாதாரண நிலையில் எந்தப் பதார்த்தத்தோடும் கூடாமல் தனித்தே நிற்கும் மந்த வாயுக்களின் வம்சத்தைச் சேர்ந்தது ஆர்கான்.

உருக்குகிற வேலை மின்சாரத்தினுடையது. இரண்டு எவர்சில்வர் குழாய்களை இணைக்கும்போது, 3,400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போனாலன்றி உருகாத டங்ஸ்டன் ஊசியின் முனைக்கும் குழாய்க்கும் இடையே ஆர்க் எழுந்து, அதன் உஷ்ணத்தில் விளிம்புகள் இளகிச் சிறு குளமாகத் தேங்குகின்றன. அந்நிலையிலுள்ள உலோகம் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கண்ட மாத்திரத்தில் அதைப் பற்றிக்கொண்டு கருகிவிடும் சுபாவமுடையதாதலால், ஊசியைச் சுற்றியுள்ள செராமிக் கப்பின் வழியே நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டர் வீதம் ஆர்கானைப் பொழிந்து, காற்றை அண்டவிடாமல் காக்கிறார்கள். சித்திரை மாதத்துப் புழுக்கத்திலும் வெல்டர் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து உட்கார்ந்திருப்பதும், ஆர்க்கை அணைத்த பிறகும் ஊசியும் கப்பும் பொருத்திய டார்ச்சை எடுக்காமல் சில விநாடிகள் அதே இடத்தில் பிடித்திருப்பதும் இதனால்தான்; சிவப்பு மங்குவதற்குள் வாயு விலகினால், வெள்ளிபோல் வரவேண்டிய இணைப்பு கறுத்துப் போகும். இரும்புக் கேட்டுக்கு யாரும் இந்த வாயுவைச் செலவழிப்பதில்லை. அங்கே வெல்டிங் ராடின் மேல்பூச்சு எரிந்து எழுப்பும் புகையும் கசடுமே போதிய காவல். எவர்சில்வரும் அலுமினியமும் அவ்வளவு எளிதில் திருப்தியடைவதில்லை.

இவ்வளவுக்கும் இது எங்கோ பூமிக்கடியில் ஒளிந்திருக்கும் பொருளன்று. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 0.93 பங்கு ஆர்கான்தான். உலகமெல்லாம் கவலையோடு பேசும் கரியமில வாயுவைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் அதிகம். காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கினால், நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும், ஆர்கான் மைனஸ் 186-லும், பிராணவாயு மைனஸ் 183-லும் கொதிப்பதைக் கொண்டு பிரித்துவிடலாம். மூன்று டிகிரி வித்தியாசத்தில் பிரித்தெடுத்த சரக்குத்தான் சிலிண்டரில் அடைபட்டுப் பட்டறைக்கு வருகிறது.

இத்தனை அருகில் இருந்தும் 1894 வரை யாரும் இதை இன்னதென்று அறியவில்லை. 1785-இலேயே கவெண்டிஷ் என்ற ஆங்கிலேயர், காற்றில் எதற்கும் மசியாத ஒரு குமிழி மிஞ்சுவதைக் கண்டு எழுதி வைத்தார். அது அப்படியே கிடந்தது. பின்னர் ராலே பிரபு, காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராமும், ரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராமும் இருக்கக் கண்டு, தராசின் பிழையென்று தள்ளிவிடாமல் அந்த அற்ப பேதத்தைத் துருவிக்கொண்டே போனார். வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொள்ள, அகப்பட்டது ஆர்கான். 1904-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது; ஒருவருக்குப் பௌதிகத்தில், மற்றவருக்கு ரசாயனத்தில். டாட்டா நிறுவ எண்ணிய விஞ்ஞானக் கழகத்துக்கு இடம் பார்க்க இந்தியாவுக்கு வந்து, பெங்களூரைச் சிபாரிசு செய்தவரும் இந்த ராம்சேயே. அக்கழகத்தின் முதல் டைரக்டரான மோரிஸ் டிராவர்ஸ், 1898-இல் ராம்சேயுடன் சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் ஆகிய வாயுக்களைக் கண்டறிந்தவர்.

நம் வீடுகளில் எரிந்த குண்டு பல்புகளிலும், டங்ஸ்டன் இழை ஆவியாகித் தேய்வதைத் தாமதப்படுத்த, சிறிது நைட்ரஜனோடு இதே ஆர்கானைத்தான் அடைத்தார்கள்.

விஷமல்ல என்பதற்காக இதை அசட்டை செய்யலாகாது. காற்றைவிடக் கனமானதாதலால், தொட்டிக்குள்ளோ பள்ளத்திலோ வெல்டிங் செய்யும்போது ஆர்கான் அடியில் தேங்கி, காற்றை மேலே தள்ளிவிடுகிறது. நிறமோ மணமோ இல்லை. மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கையும் எழாது, ஏனெனில் அவ்வுணர்வு எழுவது உடலில் கரியமில வாயு சேர்வதால். சுவாசம் தடையின்றி நடப்பதுபோலவே தோன்ற, ஆள் நினைவிழந்து விழுந்துவிடுவார். ஆதலால் தொட்டிக்குள் இறங்குகிறவருக்குத் துணையாக வெளியே ஒருவர் நிற்பதும், புளோயர் வைத்து நல்ல காற்றை உள்ளே செலுத்துவதும், சாப்பாட்டுக்கு எழும்போது டார்ச்சை வெளியே எடுத்து சிலிண்டர் வால்வை மூடிவிடுவதும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியவை.