ரெய்டு வேறு... பேக்கப் வேறு! சர்வர் அறைச் சொற்கள் சொல்லும் பாடம்

1998-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள பிக்ஸார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. படத்தின் தொழில்நுட்பக் குழுவில் இருந்த ஓரன் ஜேக்கப், கம்ப்யூட்டர் திரையில் ஒரு விநோதத்தைப் பார்த்தார். கவ்பாய் பொம்மை வுடியின் தொப்பிக்கான கோப்பைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பூட்ஸைக் காணோம். அடுத்து வுடியையே காணோம்!

படத்தின் கோப்புகள் இருந்த சர்வரில், அழிப்பதற்கான கட்டளையை யாரோ தவறான இடத்தில் கொடுத்துவிட்டார்கள். ஜேக்கப் பதறிப்போய் சர்வர் அறைக்கு போன் போட்டு, மெஷினின் வயரையே பிடுங்கச் சொன்னார். அதற்குள் படத்தில் சுமார் 90 சதவிகிதம் போய்விட்டது.

'டேப்பில் பேக்கப் இருக்கிறதே' என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பேக்கப் சில வாரங்களாகவே ஒழுங்காகப் பதிவாகவில்லை. பதிவாகவில்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சூஸ்மன். படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த இவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் நகல் ஒன்றை வீட்டு கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்த கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றி, கார் சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டு பத்திரமாக ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளியானது.

பிக்ஸாரிடம் 'பேக்கப்' என்ற சொல் இருந்தது, பேக்கப் இல்லை. சூஸ்மன் வீட்டில் இருந்ததை யாரும் பேக்கப் என்று அழைக்கவில்லை. ஆனால், கைகொடுத்தது அதுதான்.

சர்வர் அறையில் புழங்கும் சொற்கள் எல்லாமே இப்படித்தான். ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஓர் ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கிறது. எந்த ஆபத்திலிருந்து என்பது தெரியாவிட்டால், அந்த வாக்கை நம்பி ஏமாந்துவிடுவோம். இன்று சின்ன கிளினிக், பள்ளிக்கூடம், துணிக்கடையில்கூட சர்வர் இருக்கிறது. அதனால் இந்தச் சொற்களைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஹோட்டலில் இட்லி கொண்டுவருபவரையும் நாம் 'சர்வர்' என்றுதான் சொல்கிறோம். கம்ப்யூட்டர் சர்வரின் வேலையும் அதேதான். போனில் ரயில் டிக்கெட் கேட்டால் டிக்கெட், பேங்க் பேலன்ஸ் கேட்டால் பேலன்ஸ் என்று கேட்டதைக் கொண்டுவந்து தருவது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான டேபிள்களுக்குப் பரிமாற வேண்டும். விடுமுறை கிடையாது.

சர்வர்களை அடுக்கிவைக்கும் இரும்பு அலமாரிக்குப் பெயர் 'ரேக்'. இதன் அகலம் 19 அங்குலம். உயரத்தை 'யூ' என்ற அளவில் சொல்வார்கள். 1 யூ என்றால் 1.75 அங்குலம். ஒரு முழு ரேக்கின் உயரம் பெரும்பாலும் 42 யூ இருக்கும். 1 யூ உயர சர்வர் தட்டையாக இருப்பதால் அதற்கு 'பீட்சா பாக்ஸ்' என்று செல்லப்பெயரும் உண்டு.

சர்வர் நிற்கக் கூடாது என்பதற்காக அதற்குள் சில ஏற்பாடுகள் இருக்கும். 'ரிடண்டன்ட் பவர் சப்ளை' என்றால் மின்சாரம் கொடுக்கும் பகுதி இரண்டு இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். ஆனால், இரண்டு வயர்களையும் ஒரே பிளக் பாயின்ட்டில் சொருகிவைத்தால், அந்த லைன் போகும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும். 'ஹாட் ஸ்வாப்' என்பது சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுதான டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவது. ஓடுகிற பஸ்ஸை நிறுத்தாமலே டயர் மாற்றுவதுபோல! 'இ.சி.சி மெமரி' என்பது, தகவலில் ஓர் எழுத்துப்பிழை போன்ற சின்னத் தவறு நுழைந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் மெமரி.

ரெய்டு எதைக் காப்பாற்றும்?

'ரெய்டு' என்றதும் நமக்கு வருமான வரித்துறைதான் நினைவுக்கு வரும். சர்வர் அறையில் அதற்கு அர்த்தமே வேறு. 1988-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, விலை குறைந்த சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் யோசனை. அதில் ஒன்று கெட்டாலும் தகவல் போகக் கூடாது.

'ரெய்டு 1' என்றால் கண்ணாடி பிம்பம் மாதிரி. ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். 'ரெய்டு 5' கொஞ்சம் சாமர்த்தியமானது. முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் கூட்டுத்தொகை 12. இரண்டாவது டிஸ்க் கெட்டுப்போனால், 12-ல் இருந்து 7-ஐக் கழித்து 5 என்று கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் நடப்பது இதைவிட நுட்பமான கணக்கு. ஆனால், அடிப்படை இதுதான். 'ரெய்டு 6' ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குகள் போனாலும் தாங்கும். 'ரெய்டு 0' வேகத்துக்கானது. பாதுகாப்பு என்று பார்த்தால், அதன் பெயரில் இருக்கும் பூஜ்ஜியம்தான்!

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'ரெய்டு போட்டிருக்கிறோம், அதனால் பேக்கப் தேவையில்லை' என்று நினைத்துவிடுகிறார்கள். ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும்தான். ஒருவர் கணக்குக் கோப்பைத் தவறுதலாக அழித்தால், ரெய்டு அதை இரண்டு டிஸ்க்குகளிலும் விசுவாசமாக அழித்துவிடும். வைரஸ் வந்தாலும், சர்வரே திருடுபோனாலும் அது ஒன்றும் செய்யாது.

ஐந்து வழிகள் இருந்தும்...

2017 ஜனவரி 31. சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் 'கிட்லேப்' தளத்தில் ஒரு பிரச்னை. இரவு நெடுநேரம் வரை அதைச் சரிசெய்துகொண்டிருந்தார் ஓர் இன்ஜினீயர். டேட்டாபேஸ் சர்வர்கள் இரண்டு இருந்தன. ஒன்று பிரதானம், மற்றொன்று அதன் நகல். நகலில் இருப்பதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று நினைத்து அவர் கட்டளை கொடுத்தார். ஆனால், அவர் இருந்தது பிரதான சர்வரில்! ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியும் பயனில்லை. சுமார் 300 ஜி.பி-யில் மிஞ்சியது 4.5 ஜி.பி-தான்.

தகவலைக் காக்க அங்கே ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட நம்பும் நிலையில் இல்லை. டேட்டாபேஸை தினமும் நகலெடுக்கும் ஏற்பாடு, சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டன. பேக்கப் சேமிக்கும் இடத்தைத் திறந்தால் காலியாக இருந்தது.

கடைசியில் உதவியது ஒரு 'ஸ்னாப்ஷாட்'. ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ, அதை அப்படியே போட்டோ எடுத்ததுபோல் பதிவுசெய்வதுதான் ஸ்னாப்ஷாட். வேறு வேலைக்காக சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுக்கப்பட்டிருந்தது அது. அந்த ஆறு மணி நேரத்தில் பயனாளர்கள் பதிந்தவை போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல், மீட்புப் பணிகளை யூடியூபில் நேரலையாகவே காட்டியது கிட்லேப்.

பிரதான சர்வரில் நடப்பதை உடனுக்குடன் இன்னொன்றில் பிரதியெடுப்பதற்கு 'ரெப்ளிகேஷன்' என்று பெயர். ஒன்று நின்றால் மற்றொன்று தானாக வேலையை ஏற்றுக்கொள்வது 'ஃபெயில்ஓவர்'. இரண்டுமே சேவை தடைப்படாமல் இருக்க உதவும். ஆனால், ரெப்ளிகேஷனில் தவறும் உடனுக்குடன் பிரதியாகும். நேற்று இருந்த நிலைக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் பேக்கப்தான் வேண்டும்.

ஒரே கூரையின் கீழ்...

2021 மார்ச் 10, நள்ளிரவு கடந்த நேரம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் போனது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. 'ரஸ்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்கள் சிலவற்றில் இருந்த தகவல்களை மீட்கவே முடியவில்லை. வாடிக்கையாளர்கள் சிலருக்கு பேக்கப் இருந்தது. ஆனால், அதுவும் அதே வளாகத்தில் இருந்தது!

2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரிலும் தீ விபத்து. தீ கிளம்பிய இடம் 'யூ.பி.எஸ்' பேட்டரி. கரன்ட் போனால் கைகொடுப்பதற்காக வைக்கப்படும் அதே யூ.பி.எஸ்-தான். நூற்றுக்கணக்கான அரசு சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்துவந்த 'ஜி டிரைவ்' எரிந்தது. அதில் இருந்தது 858 டெராபைட் தகவல். அளவு மிகப் பெரியது என்பதால், அதற்கு வெளியே எங்கும் பேக்கப் எடுக்கப்படவில்லை.

சர்வர் நிறுவனங்கள் 'அப்டைம்' என்ற கணக்கைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். 99.9 சதவிகிதம் என்றால் ஆண்டுக்குச் சுமார் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம். 99.999 சதவிகிதம் என்றால் ஐந்தேகால் நிமிடம்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், அது சர்வர் ஓடும் நேரத்துக்கான கணக்கு மட்டுமே. உள்ளே இருக்கும் தகவல் பத்திரமாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

என்ன கேட்க வேண்டும்?

கடையோ, கிளினிக்கோ, பள்ளியோ... சர்வர் அமைத்துக் கொடுப்பவரிடம் நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

'ஒரு விபத்து நடந்தால் எவ்வளவு நேரத்து வேலை காணாமல்போகும்?' என்பது முதல் கேள்வி. இதை 'ஆர்.பி.ஓ' என்பார்கள். தினமும் இரவு மட்டும் பேக்கப் எடுத்தால், ஒரு முழு நாளின் பில்கள் போகக்கூடும்.

'மறுபடி எல்லாம் ஓட எவ்வளவு நேரமாகும்?' என்பது இரண்டாவது. இது 'ஆர்.டி.ஓ'.

'பேக்கப் எங்கே இருக்கிறது?' என்பது மூன்றாவது. இதற்கு '3-2-1' என்ற எளிய விதி உண்டு. தகவல் மொத்தம் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்றை நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியாக வைத்துவிட்டால், தகவலைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் 'ரேன்சம்வேர்' வைரஸால் அதைத் தொட முடியாது.

நான்காவதுதான் முக்கியம். 'கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பார்த்தீர்கள்?' இதற்குப் பெயர் 'ரீஸ்டோர் டெஸ்ட்'. பிக்ஸாரிலும் கிட்லேபிலும் பேக்கப் ஓடுகிறது என்றுதான் நம்பினார்கள். முன்பே ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால், அது ஓடவில்லை என்பது தெரிந்திருக்கும்.

உங்கள் போனிலும் இதே கதைதான்

குழந்தையின் முதல் பிறந்தநாள், தாத்தாவின் கடைசி தீபாவளி... எல்லாமே இப்போது போனில்தான் இருக்கின்றன. 'கூகுள் போட்டோஸில் இருக்கிறது, கவலையில்லை' என்பது பலரின் நம்பிக்கை. ஆனால், அங்கே நடப்பது 'சிங்க்'. அதாவது, ரெப்ளிகேஷனின் தம்பி. பேக்கப் ஆன போட்டோவை அந்த ஆப்பில் அழித்தால், போனோடு சேர்த்து கிளவுடிலும் அழிந்துவிடும். 60 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குள் எடுக்காவிட்டால் போனதுதான். போன் தொலைந்தால் அது காப்பாற்றும். கை தவறி அழித்ததை இரண்டு மாதம் கழித்துக் கவனித்தால் காப்பாற்றாது.

இதற்கும் 3-2-1 விதியே போதும். போனில் ஒன்று, கிளவுடில் ஒன்று, ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. அந்த ஹார்டு டிஸ்க்கை அக்கா வீட்டிலோ, மாமா வீட்டிலோ கொடுத்துவைத்தால் இன்னும் நல்லது. உங்கள் போட்டோக்கள் அவர்கள் வீட்டில், அவர்கள் போட்டோக்கள் உங்கள் வீட்டில்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு பழைய போட்டோவை பேக்கப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் நிம்மதி. வராவிட்டால், அசல் இன்னும் கையில் இருக்கும்போதே தெரிந்துகொண்டோமே என்று உடனே வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.