பேச்சு வராதவர்களுக்கு அன்றாடத் தொடர்புத் திறன்களைக் கற்பித்தல்

பேச்சினால் மட்டும் தம் தேவையைத் தெரிவிக்க முடியாதவர்களைச் சிக்கலான தொடர்புத் தேவை உள்ளவர்கள் என்று சிறப்புக் கல்வித் துறையில் குறிப்பிடுகிறார்கள். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பக்கவாதத்துக்குப் பின் வரும் பேச்சிழப்பு எனக் காரணங்கள் பல. பசி, வலி, வேண்டாம், போதும், உதவி செய் என்பவற்றைத் தமக்கு முடிந்த ஒரு வழியில், எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு செயல்படும்படி தெரிவிக்கப் பழக்குவதே இவர்களுக்கான அன்றாடத் தொடர்புப் பயிற்சி. அந்த வழி சைகை, படம், பொருள், கண்பார்வை, கருவியின் குரல் என எதுவாகவும் இருக்கலாம். இவற்றைத் துணை மற்றும் மாற்றுத் தொடர்பு முறைகள் என்பர். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஏஏசி என்றும் சொல்வதுண்டு.

திருப்பூர், பல்லடம் பக்கத்து வாசகர்களுக்கு இது அவ்வளவு புதிதில்லை. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலில் நூல் தீர்ந்ததையும் டீ வந்ததையும் கை ஜாடையில்தானே சொல்லிக்கொள்கிறார்கள்.

அடம் என்று தோன்றுவது

பேச முடியாத குழந்தை தலையை மோதிக்கொண்டாலோ கடித்தாலோ பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பெயர் அடம். 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் நான்கு குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு இதை வேறுவிதமாகப் பார்க்க வைத்தது. பாடம் கடினமானபோது சிலர் அப்படி நடந்தார்கள். ஆசிரியரின் கவனம் குறைந்தபோது சிலர் அப்படி நடந்தார்கள். முதல் வகையினருக்கு, புரியவில்லை என்று சொல்லி உதவி பெறக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் வகையினருக்கு, நான் செய்வது சரியா என்று கேட்டுக் கவனம் பெறக் கற்றுக்கொடுத்தார்கள். தொந்தரவான நடத்தை வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத சொற்றொடரைக் கற்பித்தபோது குறையவில்லை. ஆகவே, அந்த நடத்தையால் குழந்தை எதைப் பெறுகிறது, எதிலிருந்து தப்பிக்கிறது என்பதை ஆசிரியர் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நாள், நேரம், அதற்கு முன் நடந்தது, பின் நடந்தது ஆகியவற்றை ஒரு வாரம் நோட்டில் எழுதி வந்தாலே பாதி விளங்கிவிடும்.

எந்தச் சொல்லில் தொடங்குவது

பல இடங்களில் பழம், விலங்கு, வண்ணம் என்று படஅட்டை காட்டி ஆரம்பிக்கிறார்கள். யானையின் படத்தைச் சரியாகத் தொடும் குழந்தைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் இருப்பது இதனால்தான். சொற்களைக் குழந்தையின் நாளிலிருந்தே எடுக்க வேண்டும். திருப்பூரில் அந்த நாள் எப்படி இருக்கும்? அப்பா கட்டிங், அம்மா செக்கிங். வேலை மிகுந்த மாதங்களில் இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். லைன் வீட்டில் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோதான் பார்த்துக்கொள்கிறார்கள். எனவே பயிற்சி பெற வேண்டிய முதல் ஆள் அந்தப் பாட்டிதான். அவருக்குத் தெரியாத முறை மையத்தில் மட்டும் நடந்து பயனில்லை. வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், வா, உதவி ஆகிய சொற்கள் எந்த வேளைக்கும் உதவும். அவற்றோடு பாட்டி, ஃபேன், தண்ணீர், பாத்ரூம், சனிக்கிழமைச் சம்பளத்தில் வரும் பரோட்டா ஆகியவையும் இடம்பெறட்டும். ஆசையான சொல் ஒன்றாவது இல்லாத அட்டையைக் குழந்தை சீண்டாது.

அட்டை செய்யப் பெரிய செலவில்லை. கைப்பேசியில் எடுத்த படம், பனியன் மடிப்புக்குள் வைக்கும் அட்டை, லேமினேஷன், வெல்க்ரோ பட்டை போதும். பார்வையும் குறைந்த குழந்தைக்குப் படத்துக்குப் பதில் பொருளைக் கொடுக்க வேண்டும்: டம்ளர் என்றால் தண்ணீர், துண்டு என்றால் குளியல். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பமானால் படத்தின் கீழ் வீட்டு மொழியிலும் தமிழிலும் எழுதிவிட்டால் தாயும் ஆசிரியரும் ஒரே அட்டையைப் பயன்படுத்தலாம்.

கற்பிக்கும் முறைகளில் பரவலாக அறியப்பட்டது, ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகியோர் 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உருவாக்கிய படப் பரிமாற்ற முறை. இதன் முதற்கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் குழந்தைக்குப் பிடித்த முறுக்குடன் எதிரே அமர்கிறார். மற்றவர் பின்னாலிருந்து, வாய் திறக்காமல், குழந்தையின் கையைப் பிடித்துப் படத்தை எடுத்து எதிரே இருப்பவரிடம் கொடுக்கச் செய்கிறார். படம் கைக்கு வந்த கணமே முறுக்கு கிடைத்துவிட வேண்டும். பின்னால் இருப்பவரின் பிடி நாளுக்கு நாள் தளர்ந்து, கடைசியில் அவர் தேவைப்படாமல் போவார். என்ன வேண்டும் என்று கேட்டபடியே இருப்பதுதான் இங்கே பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது.

இன்னொரு வழி, பெரியவரும் அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பேசுவது. "சாப்பாடு போதுங்களா?" என்று கேட்கும்போதே அவரும் போதும் என்ற படத்தைத் தொட வேண்டும். பிறகு மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ளவருக்குக் கை எழும்பவே அந்த நேரம் ஆகும்.

வேண்டாம் என்பதையும் மதித்தாக வேண்டும். மருந்து போன்றவற்றில் முடியாதுதான். ஆனால் மூன்றாவது இட்லிக்கு வேண்டாம் காட்டியும் ஊட்டினால், அந்த அட்டைக்கு மதிப்பில்லை என்பது குழந்தைக்குப் புரிந்துவிடும். மறுபடி கடிக்கத் தொடங்கும்.

படம் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. மில்லர், லைட், ஷ்லாசர் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், சான்று வலுவாக இருந்தவர்களுள் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவாவது கூடியிருந்தது.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கி, இன்று வித்யாசாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்கும் நிறுவனம் இத்துறையில் நம் மாநிலத்தின் முன்னோடி. அதனுடன் இணைந்து அஜித் நாராயணன் ஆவாஸ் என்ற பேசும் கருவியை உருவாக்கினார். படங்களைத் தொட்டால் கருவி வாக்கியமாகப் பேசும். அதற்காக 2011-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இதழ் வெளியிட்ட இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் இடம்பெற்றார். முதலில் தனிக் கருவியாக வந்த ஆவாஸ் பின்னர் டேப்லெட் செயலியானது. செயலி நல்லதே, ஆனால் சார்ஜ் இறங்கினால் வாயடைத்துப் போகும். காகித அட்டை ஒன்று எப்போதும் உடனிருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தொடர்பு என்பதன் வரையறையிலேயே இம்முறைகளைச் சேர்த்திருக்கிறது. அவற்றைக் கல்வியில் ஊக்குவிப்பது அரசின் கடமை என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடம் பெற்றோர் இதைப் பெயர் சொல்லியே கேட்கலாம்.

வளர்ந்தவர்களின் அட்டை

பதினைந்து வயதிலும் பால், பொம்மை, பந்து என்றிருக்கும் அட்டைகளைப் பார்க்கலாம். அந்த வயதுக்கு மாதவிடாய், வயிற்றுவலி, உடலுறுப்புகளின் பெயர்கள், தொடாதே, பயமாக இருக்கிறது, இவர் இதைச் செய்தார் என்பவை கட்டாயம் வேண்டும். வீட்டார் கூச்சப்பட்டு இவற்றை நீக்கச் சொல்வார்கள், நீக்கக் கூடாது. பகல் முழுவதும் பெற்றோர் இல்லாத வீடுகள் நிறைந்த ஊரில், சொல்ல வழியில்லாதவரிடம் அத்துமீறுவது எளிது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, மாற்றுத்திறனுள்ள குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்யச் சிறப்பாசிரியரின் அல்லது அக்குழந்தையின் தொடர்பு முறை அறிந்தவரின் உதவியை நீதிமன்றம் பெறலாம் என்கிறது.

அப்படி அறிந்தவர் ஒரே ஒரு பாட்டியாக இருந்துவிடக் கூடாது. வாடகை வீடு மாறும்போதும் வகுப்பு மாறும்போதும் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைப்பது நல்லது. மேலே பார்த்தால் ஆம், கண்ணை மூடினால் இல்லை, இடது காதைப் பிடித்தால் வலி, அட்டை சக்கர நாற்காலியின் பின் பையில் இருக்கிறது என்ற அளவில் அது இருந்தால் போதும்.