வட்டவடைப் பஞ்சாயத்தும் நம்மவர் பங்கும்

பஞ்சாயத்து என்றவுடன் நம்மில் பலருக்கு ஆலமரத்தடியும், சொம்புத் தண்ணீரும், நாட்டாண்மையின் தீர்ப்புமே நினைவுக்கு வருகின்றன. அது பழங்கதை. இன்று சட்டப்படி நடக்கும் பஞ்சாயத்து வேறு; அதில் நமக்குள்ள உரிமையும் வேறு. அவ்வுரிமையை அறியாத காரணத்தால் நம்மவர் இழப்பது கொஞ்சமன்று. ஆகவே வட்டவடையை முன்வைத்து இதனை எழுதத் துணிந்தேன்.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியே சென்று, பாம்பாடும் சோலையைக் கடந்தால் வட்டவடை. படிக்கட்டுப்போல் வெட்டிய வயல்களில் உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் விளையும் தமிழ் மலையூர் அது. காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நேயர்கள் அறிந்திருக்கலாம். ரயில்வேக் குமாஸ்தாவாகிய எனக்கு ஒரு குறை: இடுக்கி மாவட்டத்தில் ரயிலே இல்லை. மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே முன்னர் ஓடிய சிறு ரயிலையும் 1924-ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று. அது நிற்க.

தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று எழுந்த கோரிக்கை 1956-இல் நிறைவேறவில்லை. அவை கேரளத்தோடு நின்றன. தமிழ் பேசும் மக்கள் மலையாள அலுவலகத்தின் வாயிலில் நிற்கலாயினர். இந்நிலையை உணர்ந்தே, சிறுபான்மையோர் வாழும் பகுதிகளில் தமிழர் தம் மொழியிலேயே மனு எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. எழுதினவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி!

இனிப் பஞ்சாயத்துக்கு வருவோம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, 1994-இல் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் பிறந்தது. 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு உள்ளாட்சிகளுக்கு என்று தீர்மானிக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையம், கிருஷிபவன், அங்கன்வாடி ஆகியவையும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விடப்பட்டன. பணமும் பொறுப்பும் இவ்வளவு கீழே இறங்கி வந்தது பெரிய காரியம் என்றே சொல்வேன். 2009-இல் செய்த திருத்தத்தால் உறுப்பினர் இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதுவர் குடிகள் நிறைந்த இடமலைக்குடி 2010-இல் மூணாறிலிருந்து பிரிந்து தனிப் பஞ்சாயத்தாயிற்று.

தமிழகத்து முறைக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. அங்கே தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். இங்கே உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கே ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை. இங்கேயோ ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. வார்டின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினரே. யாரும் அழைத்துச் சேர்க்கவேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அது கூடவேண்டும். கூட்டுவது வார்டு உறுப்பினரின் கடமை. தொடர்ந்து இரு முறை கூட்டத் தவறினால் அவர் பதவிக்கே ஆபத்து. வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தாலன்றிக் கூட்டம் செல்லாது.

வீடு கட்ட உதவி, கறவை மாடு, விதை, உரம் முதலியவை யார் யாருக்கு, எந்த வரிசையில் என்ற பட்டியல் இங்கேதான் முடிவாகின்றது. கிராம சபை வகுத்த முன்னுரிமை வரிசையை மாற்றும் அதிகாரம் பஞ்சாயத்துக் கமிட்டிக்குக் கிடையாது. இதனை இரண்டு முறை படித்துப் பாருங்கள். மண்சுவர் வீட்டில் மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் இருக்கும் ஒரு தாய், பூண்டு அறுக்கும் நாளில் கூலியை விட மனமின்றிக் கூட்டத்துக்குப் போகாமலிருந்தால், அவளுக்காகப் பேச அங்கே யார் இருப்பர்? வந்திருந்தோர் பெயர்கள் முன்னே போகும். பிறகு செயலாளரைக் கோபித்துப் பயனில்லை. கூலி வேலை செய்வோர் வரக்கூடிய நாளும் நேரமும் பார்த்துக் கூட்டம் வைக்கும்படி உறுப்பினரிடம் கேட்பது தவறாகாது, கேட்கவேண்டும்.

பஞ்சாயத்தால் ஆகாதவையும் உண்டு. நிலப்பட்டா அளிப்பது வருவாய்த் துறையின் வேலை. 2006-இல் கொட்டக்கொம்பூர், வட்டவடை கிராமங்களில் சுமார் 3,200 ஹெக்டேர் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் அகப்பட்ட நிலங்களின் உரிமை குறித்து ஆண்டுக்கணக்கில் தகராறு நடந்தது. இத்தகைய காரியத்தில் பஞ்சாயத்து தீர்மானம் போட்டு மேலிடத்துக்கு அனுப்பலாம். பட்டா எழுதித் தர இயலாது. எதனை எங்கே கேட்பது என்று தெரிந்திருந்தால் அலைச்சல் பாதி குறையும்.

ஊரைவிட்டு வந்து பிழைக்கும் நம் குடும்பங்களுக்குச் சில செய்திகள். உள்ளாட்சித் தேர்தலின் வாக்காளர் பட்டியல் வேறு, சட்டமன்றப் பட்டியல் வேறு. முன்னதை மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரிக்கின்றது. ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றதில் இருப்பதாகக் கருதவேண்டாம். குழந்தை பிறந்தால் அதனைப் பதிவுசெய்யவேண்டியது பிறந்த இடத்து உள்ளாட்சியிலேயே, சொந்த ஊரில் அன்று. அதுவும் 21 நாளுக்குள். ஊரிலுள்ள வயதான பெற்றோர் முதியோர் பென்ஷன் பெறுபவராயின், உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் மஸ்டரிங்கை அக்ஷயா மையத்தில் முடித்தனரா என்று அடுத்த கடிதத்திலோ தொலைபேசியிலோ கேளுங்கள். அது தவறினால் பணம் நின்றுபோகும்.