ஜார்ஜ் வித்

ஜார்ஜ் வித் (1726 – ஜூன் 8, 1806) வட அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றநாட்டில் பிறந்த வழக்கறிஞரும், அரசியலாளரும், நீதிபதியும் ஆவார். ஐக்கிய அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்டவர்களுள் இவரும் ஒருவர். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் சட்டப் பேராசிரியராக அமர்த்தப்பட்ட முதல் மனிதரும் இவரே. தாமஸ் ஜெபர்சன், ஜான் மார்ஷல் ஆகியோர் இவரிடம் சட்டம் பயின்றனர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சட்டத்தை எழுதுவதிலும் கற்பிப்பதிலும் செலவிட்ட இவர், இறுதியில் நஞ்சூட்டப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் முதன்மையான சாட்சி நீதிமன்றத்தில் வாய் திறக்கவே வர்ஜீனியாவின் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இவரது பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'வைத்' எனப் படிப்போர் உண்டு. 'வித்' என்பதே சரியான ஒலிப்பு.

குடும்பமும் இளமையும்

வித் வர்ஜீனியாவின் எலிசபெத் சிட்டி கவுண்டியில், செஸ்டர்வில் என்னும் தோட்டப்பண்ணையில் பிறந்தார். புகையிலையையும் அடிமைகளின் உழைப்பையும் நம்பியிருந்த கடலோரப் பகுதி அது. தந்தை தாமஸ் வித், மகன் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாய் மார்கரெட் வாக்கர் கல்வியறிவு மிக்கவர். இலத்தீன் மொழியை மகனுக்கு அவரே கற்பித்ததாகக் கூறுவர். மார்கரெட்டின் தாய்வழிப் பாட்டனார் ஜார்ஜ் கீத், குவேக்கர் சமயப்பிரிவைச் சேர்ந்த அறிஞர். கறுப்பின மக்களை விலைக்கு வாங்குவதையும் வைத்திருப்பதையும் கண்டித்து 1693இல் அவர் வெளியிட்ட சிறுநூல், அமெரிக்காவில் அச்சான மிகப் பழைய அடிமை எதிர்ப்பு வெளியீடுகளுள் ஒன்றாகும். கொள்ளுப்பேரனின் பெயரும் ஜார்ஜ் என்பது கவனிக்கத்தக்கது.

அக்காலச் சட்டப்படி, உயில் இன்றி இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும். எனவே செஸ்டர்வில் பண்ணை தமையன் தாமசுக்குச் சென்றது. இளையவரான ஜார்ஜ் பிழைப்புக்கு ஒரு தொழிலைத் தேட வேண்டியதாயிற்று. உறவினரான ஸ்டீபன் டூயி என்ற வழக்கறிஞரிடம் சட்டம் பயில அனுப்பப்பட்டார். அங்கே படி எடுக்கும் வேலைதான் மிகுதி, கற்பித்தல் குறைவு எனப் பின்னாளில் குறைபட்டுக் கொண்டாராம். தம் மாணவர்களை அவர் நடத்திய முறைக்கு இந்தக் கசப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1746இல் வழக்காடும் உரிமை பெற்றார். அடுத்த ஆண்டு, தம்முடன் தொழில் செய்த சக்கரி லூயிஸ் என்பவரின் குடும்பத்துப் பெண்ணான ஆன் லூயிசை மணந்தார். எட்டே மாதங்களில் ஆன் இறந்தார். அதன்பின் வித் தலைநகரான வில்லியம்ஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்தார். 1755ஆம் ஆண்டளவில் எலிசபெத் டாலிவரை மணந்தார். எலிசபெத்தின் தந்தை ரிச்சர்ட் டாலிவர் கட்டிய செங்கல் வீட்டில் இருவரும் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்தது. அதே 1755இல் தமையனும் இறந்துவிட, செஸ்டர்வில் பண்ணையும் அங்கிருந்த அடிமைகளும் இவருக்கே வந்து சேர்ந்தன.

குடியேற்றநாட்டு அரசியல்

1754இல் தலைமை வழக்கறிஞர் பெய்டன் ராண்டால்ப் ஒரு முறையீட்டுக்காக இலண்டன் சென்றிருந்தபோது, அப்பதவியை வித் தற்காலிகமாக ஏற்றார். ராண்டால்ப் திரும்பியதும் அதை அவரிடமே விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டு முதல் வர்ஜீனியாவின் கீழவையான பர்ஜெசஸ் அவையில் பல தொகுதிகளின் சார்பில் உறுப்பினராகவும், பின்னர் அவ்வவையின் எழுத்தராகவும் இருந்தார். 1768இல் வில்லியம்ஸ்பர்க் நகரத் தலைவரானார்.

முத்திரைத் தாள் வரி விதிக்கப் பிரித்தானிய நாடாளுமன்றம் எண்ணியபோது, அதை எதிர்த்து 1764இல் வர்ஜீனியா அனுப்பிய மறுப்புரையின் முதல் வரைவை வித் எழுதினார். அதன் துணிச்சலைக் கண்டு சக உறுப்பினர்களே அஞ்சி, வாசகத்தை மென்மையாக்கினர் என ஜெபர்சன் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் மறு ஆண்டு பேட்ரிக் ஹென்றி கொண்டுவந்த தீர்மானங்களை வித் எதிர்த்தார். முந்தைய முறையீட்டுக்கு விடை வருமுன் மோதலுக்குப் போகக் கூடாது என்பது அவர் கருத்து. இதை முரண்பாடு என்று சொல்ல முடியாது. உரிமையில் உறுதியும் நடைமுறையில் பொறுமையும் கொண்ட வழக்கறிஞரின் இயல்பு அது.

1775இல் கண்டப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1776 ஜூலையில் விடுதலைச் சாற்றுரை ஏற்கப்பட்டபோது அவர் வர்ஜீனியாவில் இருந்தார். மற்ற வர்ஜீனிய உறுப்பினர்கள் தங்கள் பெயர்களுக்கு மேலே அவருக்காக இடம் விட்டுக் கையொப்பமிட்டனர். பின்னர் அவர் வந்து அவ்விடத்தில் ஒப்பமிட்டார். ஜெபர்சனின் பெயருக்கு மேலே அவரது ஆசிரியரின் பெயர் இருப்பது இவ்வாறுதான்.

சட்டங்களைத் திருத்தியமைத்தல்

விடுதலைக்குப் பின் வர்ஜீனியாவின் சட்டங்கள் அனைத்தையும் ஆராய்ந்து திருத்த ஒரு குழு அமைக்கப்பட்டது. ஐவரில் இருவர் விலகியோ இறந்தோ போக, ஜெபர்சன், வித், எட்மண்ட் பெண்டில்டன் ஆகிய மூவரே வேலையைச் செய்தனர். வித் பிரித்தானிய நாடாளுமன்றச் சட்டங்களை ஆராயும் பகுதியை ஏற்றார். 1779 ஜூனில் 126 சட்ட முன்வரைவுகள் கொண்ட அறிக்கை அளிக்கப்பட்டது. சமய விடுதலைச் சட்டம் இதிலிருந்தே பிறந்தது. மூத்த மகனுக்கே நிலம் என்னும் வழக்கமும் இதன் வழியாக ஒழிந்தது. அவ்வழக்கத்தால் தந்தையின் பண்ணையை இழந்த இளைய மகன் ஒருவர் குழுவில் இருந்ததை இங்கே நினைவுகூரலாம்.

இவ்வறிக்கையின் 51ஆம் வரைவு அடிமைகள் பற்றியது. அதில் ஒரு விதி இருந்தது. கறுப்பினத்தவர் அல்லது கலப்பினத்தவர் மீது அரசு தொடுக்கும் வழக்குகளிலும், அவர்கள் மட்டுமே தரப்பினராக உள்ள உரிமையியல் வழக்குகளிலும் அன்றி, அவ்வினத்தவர் எவரும் சாட்சி சொல்லக் கூடாது என்பதே அது. இது புதிதாக ஆக்கப்பட்டதன்று. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வர்ஜீனியாவில் இருந்த தடைதான். இந்த வரைவு இருக்கும் சட்டங்களின் தொகுப்பே என ஜெபர்சனும் பின்னர் எழுதினார். எனினும் ஜெபர்சனும் வித்தும் ஒப்பமிட்டு அளித்த அறிக்கையில் அது இடம்பெற்றது. 1785இல் சட்டமாகவும் நிறைவேறியது.

ஆசிரியரும் நீதிபதியும்

ஜெபர்சன் 1762 முதல் ஐந்தாண்டுகள் வித்திடம் தனி மாணவராகப் பயின்றார். 1779 டிசம்பரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சட்டத் துறை தொடங்கப்பட்டு, வித் அதன் பேராசிரியரானார். அதுவரை அமெரிக்காவில் வழக்கறிஞரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்துதான் சட்டம் கற்க முடிந்தது. வித் விரிவுரைகளோடு, மாணவர்களே வாதிடும் மாதிரி நீதிமன்றத்தையும், வரைவுகளை விவாதிக்கும் மாதிரிச் சட்டமன்றத்தையும் நடத்தினார். தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியதால் வெறுமையாகிவிட்ட பழைய சட்டமன்றக் கட்டடம் இதற்குப் பயன்பட்டது. 1780இல் சில வாரங்கள் மட்டும் பயின்ற ஜான் மார்ஷல் பின்னர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானார்.

1778இல் சான்சரி நீதிமன்றத்தின் நீதிபதியான வித், 1788 முதல் அதன் ஒரே நீதிபதியாக இருந்தார். பொதுச் சட்டத்தின் கடுமையான விதிகளால் தீர்வு கிடைக்காதோருக்கு, நேர்மை நெறியின் அடிப்படையில் தீர்வு வழங்கும் நீதிமன்றமே சான்சரி எனப்படும். 1782இல் காமன்வெல்த் எதிர் கேட்டன் என்ற வழக்கில், சட்டமன்றமே தன் எல்லையை மீறினாலும் அரசியலமைப்பைக் காட்டி அதைத் தடுப்பது நீதிமன்றத்தின் கடமை என்று அவர் கூறினார். இதே கருத்தை மார்ஷல் 1803இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் நாடு முழுமைக்கும் நிலைநாட்டினார்.

1787இல் அரசியலமைப்பு மாநாட்டின் விதிமுறைக் குழுவுக்கு வித் தலைமை தாங்கினார். ஆனால் மனைவியின் உடல்நிலை மோசமானதால் ஜூன் மாதமே ஊர் திரும்பினார். எலிசபெத் அவ்வாண்டு ஆகஸ்டில் காலமானார். மறு ஆண்டு வர்ஜீனியா மாநாட்டில் அரசியலமைப்பை ஏற்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் வித்தே. அது 89க்கு 79 என்னும் வாக்குகளில் நிறைவேறியது.

அடிமைமுறையும் வித்தும்

வித் அடிமைகளின் உரிமையாளராகவே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தார் என்பதை மறைக்க இயலாது. மனைவி இறந்த பின், சிலரை மனைவியின் உறவினருக்கு ஒப்படைத்தார், சிலரை விடுவித்தார். விடுவிக்கப்பட்டவர்களுள் ஒருவர் சமையற்காரரான லிடியா பிராட்னாக்ஸ். 1791இல் வித் ரிச்மண்டுக்குச் சென்றபோது, லிடியா விடுதலை பெற்ற பெண்ணாக உடன் சென்று அவரது வீட்டைக் கவனித்து வந்தார். மைக்கேல் பிரவுன் என்னும் கலப்பினச் சிறுவனும் அவ்வீட்டில் வளர்ந்தான். வித் அவனுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். மைக்கேல் வித்தின் மகன் எனச் சிலர் எழுதியுள்ளனர். அதற்குச் சான்று ஏதும் கிடைத்ததில்லை.

1806இல் ஹட்கின்ஸ் எதிர் ரைட் வழக்கு அவர்முன் வந்தது. தாங்கள் அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஒருத்தியின் வழிவந்தோர் என்றும், ஆகவே அடிமைகள் அல்லர் என்றும் ஒரு குடும்பத்துப் பெண்கள் முறையிட்டிருந்தனர். வித் அவர்களை விடுவித்தார். அத்துடன் நில்லாமல், மனிதர் அனைவரும் இயல்பில் விடுதலை உடையோர் என்னும் வர்ஜீனிய உரிமைச் சாற்றுரையின் அடிப்படையில், ஒருவரை அடிமை என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பெண்களின் விடுதலையை உறுதிசெய்தது. ஆனால் வித் கூறிய காரணத்தைக் கறுப்பினத்தவருக்கு விரிக்க மறுத்தது. அத்தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவர் செயின்ட் ஜார்ஜ் டக்கர். வித்தின் மாணவரும், கல்லூரியில் அவருக்குப் பின் பேராசிரியரானவரும் ஆவார். அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1806 நவம்பரில் வந்தபோது வித் உயிருடன் இல்லை.

கொலையும் வழக்கும்

வித்தின் சகோதரியின் பேரனான ஜார்ஜ் வித் ஸ்வீனி என்ற இளைஞன் ரிச்மண்டில் அவருடன் தங்கியிருந்தான். சூதாட்டத்தால் கடன்பட்டு, வித்தின் கையொப்பத்தைப் போலியாக இட்டு வங்கியில் பணம் எடுத்து வந்தான். வித்தின் உயிலில் லிடியாவுக்கும் மைக்கேலுக்கும் பங்கு இருந்தது. மைக்கேலின் கல்விப் பொறுப்பு ஜெபர்சனிடம் விடப்பட்டிருந்தது. மைக்கேல் உரிய வயதை எட்டுமுன் இறந்தால் அவன் பங்கும் ஸ்வீனிக்கே சேரும் என்று ஒரு பிரிவு இருந்தது.

1806 மே மாத இறுதியில் ஒரு காலைப்பொழுதில் காப்பி அருந்திய வித், லிடியா, மைக்கேல் மூவரும் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கால் நோயுற்றனர். ஸ்வீனி அன்று சமையலறையில் காப்பிப் பாத்திரத்தை எடுத்ததையும், ஒரு காகிதத்தை நெருப்பில் எறிந்ததையும் லிடியா பார்த்திருந்தார். ஜூன் 1 அன்று மைக்கேல் இறந்தான். அதே நாளில் வித், ஸ்வீனிக்கு ஒன்றும் சேராதவாறு உயிலை மாற்றினார். நூல்களை ஜெபர்சனுக்கு எழுதிவைத்திருந்தார். தாம் கொல்லப்பட்டதாகவே நம்பி, ஜூன் 8 அன்று உயிர்நீத்தார்.

ஸ்வீனிமீது கொலை வழக்கும் போலிக் கையொப்ப வழக்கும் தொடுக்கப்பட்டன. அவனுக்காக வாதிட்டவர்கள் எட்மண்ட் ராண்டால்பும் வில்லியம் வர்ட்டும். ராண்டால்ப் ஐக்கிய அமெரிக்காவின் முதல் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்களால் சாவுக்குக் காரணம் வெள்ளைப் பாஷாணமே என அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. உடலில் பாஷாணத்தைக் கண்டறியும் நம்பகமான சோதனையை ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்டது 1836இல்தான். எனவே கண்ணால் பார்த்தவரின் சாட்சியமே இவ்வழக்கின் உயிர்நாடியாக இருந்தது. லிடியா விடுதலை பெற்றவர், ஆனால் கறுப்பினத்தவர். குற்றம் சாட்டப்பட்டவன் வெள்ளையன். 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் சாட்சிக்கூண்டில் ஏற முடியாது. ஸ்வீனி கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டான். போலிக் கையொப்பத்துக்குத் தண்டிக்கப்பட்டபோதும், பழைய சட்டத்தின் வாசகம் வங்கியை ஏமாற்றுவதற்குப் பொருந்தாது எனக் கொள்ளப்பட்டதால் அத்தண்டனையும் நிற்கவில்லை. பின்னர் அவன் மேற்குப் பகுதிக்குப் போய்விட்டான். சாட்சியத்துக்கான அத்தடை உள்நாட்டுப் போருக்குப் பின்னரே வர்ஜீனியாவில் நீங்கியது.

லிடியா உயிர் பிழைத்தார். ஆயினும் நஞ்சினால் தம் கண்பார்வை குன்றியதாக 1807இல் குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதி உதவி கோரினார். ஜெபர்சன் அவருக்கு 50 டாலர் கிடைக்க ஏற்பாடு செய்தார்.

நினைவிடங்கள்

வித்தின் உடல் ரிச்மண்டின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1775இல் பேட்ரிக் ஹென்றி புகழ்பெற்ற உரையை ஆற்றிய இடமும் இதுவே. வில்லியம்ஸ்பர்க் வீடு, 1781இல் யார்க்டவுன் முற்றுகைக்குமுன் வாஷிங்டனின் தலைமையிடமாக விளங்கியது. இன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் சட்டப் பள்ளி, மார்ஷல், வித் இருவரின் பெயரையும் சேர்த்துத் தாங்கியுள்ளது. வர்ஜீனியாவின் வித் கவுண்டியும் வித்வில் நகரமும் இவரது பெயரால் அழைக்கப்படுகின்றன. அவர் பிறந்த செஸ்டர்வில் பண்ணை இருந்த நிலம் இன்று நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தின் எல்லைக்குள் உள்ளது.