உடற்பயிற்சியும் பாரச்சட்டையும்

கல்வியோடு உடலுறுதியும் மாணவர்க்கு இன்றியமையாதது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. தென்பெண்ணையாற்றின் கரையிலே, உலகளந்த பெருமாள் கோயிலாலும் கபிலர் குன்றாலும் பெயர் பெற்று விளங்கும் திருக்கோவிலூரிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் இளைஞர் பலர், பெரும்பொருள் செலவிட்டுப் பயிற்சிக்கூடங்களுக்குச் செல்லும் வசதியில்லாதவர்கள். ஆதலின் தண்டால், பஸ்கி, ஒற்றைக்கம்பியைப் பற்றி மேலெழுதல் முதலாய, தம் உடலெடையையே கருவியாகக் கொண்ட பயிற்சிகளைச் செய்து வருகின்றனர். இவை செலவில்லாதவை, பயன் மிக்கவை. ஆயினும், சில திங்கள் சென்றபின் உடல் இவற்றிற்குப் பழகிவிடுகின்றது. வலிமையின் வளர்ச்சி தளர்கின்றது. அந்நிலையிற் பலர் நாடுவது பாரச்சட்டையாகும். கடைகளில் ‘வெயிட் வெஸ்ட்’ என்று விற்கப்படும் இச்சட்டை எவர்க்கு வேண்டுவது, அதனை எங்ஙனம் தேர்ந்தெடுத்தல் தகும் என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றி வலிமை பெறுதல் புதிய கருத்தன்று. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மல்லனாகிய மைலோ, ஓர் இளங்கன்றை நாடோறும் சுமந்துவந்தமையால், அது முழு எருதானபின்பும் அதனைச் சுமக்க வல்லவனாயினான் என்பது பழங்கதை. நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஊர்ப்பொதுவிடத்தே கிடக்கும் இளவட்டக்கல்லும் இளைஞரின் தோள்வலியை அளந்தறியும் கருவியாகவே இருந்தது. 1878-ஆம் ஆண்டிற் பிறந்து 1960-இல் மறைந்த காமா பயில்வான், பஸ்கி எடுக்கும்போது அணிந்ததாகக் கூறப்படும் சுமார் 95 கிலோ எடையுள்ள வளையமொன்று, பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழக அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பாரச்சட்டை இத்தகைய வளையத்தின் வழிவந்ததொரு கருவி எனலாம். வளையத்தின் பாரம் கழுத்தையும் தோளையும் அழுத்தும்; சட்டையின் பாரமோ மார்பிலும் முதுகிலும் பரந்து நிற்கும். கைகளும் கட்டின்றி இருக்கும். இதுவே இதன் சிறப்பு.

இனி, இச்சட்டை எவர்க்கு வேண்டும்? தண்டாலை முறைப்படி இருபது முறையும், பஸ்கியை முப்பது முறையும், ஒற்றைக்கம்பியில் மேலெழுதலை எட்டு முறையும் உடல் குலையாமற் செய்யவல்லார்க்கே இது வேண்டுவது என்பது நம் கருத்து. அந்த அளவை எட்டாதவர்க்குத் தம் உடலே போதிய சுமையாகும். ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ள ஒருவன் தண்டால் எடுக்கையில், அவன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 கிலோவளவு, அவன் கைகளைச் சார்கின்றது. ஒற்றைக்கம்பியிலோ முழு 60 கிலோவும் சார்கின்றது. இதனை நன்கு தாங்கப் பழகாதவன் மேலும் பாரத்தை ஏற்றுதல், அடித்தளம் உறையுமுன் மாடி எழுப்புதலை ஒக்கும். பொருள் முட்டுப்பாடுள்ளோர், கால்களைத் திண்ணைமேல் வைத்துத் தண்டால் எடுத்தல், மெல்ல இறங்கி மெல்ல எழுதல், ஒற்றைக்காலாற் பஸ்கி எடுத்தல் ஆகிய முறைகளால் நெடுங்காலம் முன்னேறலாம் என்பதையும் மறத்தலாகாது.

சட்டை வாங்கப் புகுவோர் முதலிற் கருதவேண்டுவது எடை. எவ்வளவு மிகுந்த எடை தாங்கும் என்று கேட்டே பலரும் வாங்குகின்றனர். அது தவறான வினாவாகும். எவ்வளவு குறைந்த எடையிலிருந்து தொடங்கலாம், எவ்வளவு சிறிய படியாக ஏற்றலாம் என்பனவே கேட்கவேண்டிய வினாக்கள். உடலெடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு தொடக்கத்திற்குப் போதும். 60 கிலோ எடையுள்ளவனுக்கு இது 3 கிலோ. சில திங்களில் நூற்றுக்குப் பத்தாகிய 6 கிலோவை எட்டலாம். நன்கு தேர்ந்தவரே அதற்குமேற் செல்லத்தக்கவர்.

பிறர் உடலுக்கென வகுத்த அளவை நாம் அப்படியே மேற்கொள்ளுதல் எத்துணை ஏதம் தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 2005-ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்திற் போரில் மாண்ட மைக்கேல் மர்பி என்னும் அமெரிக்கக் கடற்படை வீரரின் நினைவாக, ‘மர்ப்’ என்னும் பயிற்சியொன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. ஒரு மைல் ஓட்டம், 100 கம்பியெழுச்சி, 200 தண்டால், 300 பஸ்கி, மீண்டும் ஒரு மைல் ஓட்டம் என்பன அதன் உறுப்புக்கள். இவற்றை ஆடவர் 20 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9 கிலோ, எடையுள்ள சட்டையணிந்து செய்வர். 90 கிலோ எடையுள்ள வீரர்க்கு அது பத்தில் ஒரு பங்கு. நம் ஊரிலுள்ள 55 கிலோ எடையுள்ள மாணவனுக்கோ அது ஆறில் ஒரு பங்காகிவிடும். சட்டை ஒன்றே, சுமை ஒன்றன்று. ஆதலின் 9 கிலோ, 10 கிலோ என ஒரே எடையாய்த் தைத்து மூடிய சட்டையினும், அரைக்கிலோ அல்லது ஒரு கிலோப் பொதிகளைப் பைகளில் இடவும் எடுக்கவும் கூடிய சட்டையே மாணவர்க்கு ஏற்றது.

இரண்டாவது கருதவேண்டுவது பொருத்தம். சட்டையை அணிந்து வாரை இறுக்கியபின், நெஞ்சு நிறைய மூச்சை உள்ளிழுத்துப் பார்க்கவேண்டும். விலா விரியத் தடையுண்டாயின் அது ஆகாது. பத்து முறை மெல்லக் குதித்துப் பார்க்கவேண்டும். சட்டை மேலெழுந்து உடலை மோதுமாயின் அது தளர்வானது. முழுதும் குந்தியெழுகையில் அதன் விளிம்பு தொடையில் இடிக்குமாயின் அது மிக நீண்டது. கைகளை மேலே உயர்த்தும்போது தோளைப் பிடித்தலாகாது. முன்புறத்திலும் பின்புறத்திலும் எடை ஒத்திருத்தல் வேண்டும். பின்பாரம் மிகுமாயின் இடுப்பு வளைந்து முதுகு நோகும். மாணவியர், மார்பை அழுத்தாது பக்கவார்களாற் பொருத்தும் வகையைத் தேர்தல் நன்று.

மூன்றாவது, உள்ளீடு. மணலை உள்ளிட்ட சட்டை விலை குறைந்தது, ஆயினும் பருத்தது. உலர்ந்த மணல் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. இரும்போ, அதே கொள்ளளவில் எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். எனவே, இரும்புத் தகடு இட்ட சட்டை மெலிதாய் உடலோடு ஒட்டி நிற்கும். கைகால் அசைவைத் தடுப்பதில்லை. தையற்காரரிடம் தடித்த கித்தான் துணியிற் சட்டை தைப்பித்து, மணலைச் சலித்து உலர்த்திச் சிறு பொதிகளாக இரட்டைத் தையலிட்டு மூடி, முன்னும் பின்னும் சமமாக இட்டுக்கொள்ளுதலும் கூடும். 5 கிலோவுக்கு மூன்றரை லிட்டருக்குள் மணல் போதும். ஆனால் ஈயக்குண்டுகளை ஒருபோதும் இடலாகாது. ஈயம் நஞ்சு, அதன் தூள் கைவழியாகவும் மூச்சுவழியாகவும் உடலிற் சேரும், வீட்டிலுள்ள சிறு குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு விளைக்கும்.

நான்காவது, நம் நாட்டு வெப்பம். குளிர்நாட்டார்க்கென்று செய்யப்பட்ட தடித்த சட்டை, மேலுடலின் வியர்வை உலர்ந்து உடல் குளிர்வதைத் தடுக்கின்றது. சித்திரை வைகாசித் திங்களில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும் நம் பகுதியில் இது சிறு செய்தியன்று. காற்றுப் புகும் வலைத்துணியுள்ளதும், பொதிகளை நீக்கித் துவைக்கத்தக்கதும், ஒரே இழுப்பிற் கழற்றத்தக்க பக்கிள் உடையதுமாகிய சட்டையையே கொள்ளவேண்டும். தலைசுற்றலோ நெஞ்சிறுக்கமோ தோன்றின், அக்கணமே அதனைக் கழற்றி, நிழலில் அமர்ந்து, நீர் பருகவேண்டும். விடியற்காலமே பயிற்சிக்கு ஏற்றது.

சட்டையை வாங்கியபின் அதனை ஆளும் முறையும் அறியத்தக்கது. வாரத்தில் இரு நாள் மட்டும் அணிதல் தொடக்கத்திற்குப் போதும். முன்னர் இருபது தண்டால் எடுத்தவர், சட்டையோடு பத்தில் தொடங்கலாம். இரண்டு வாரம் முறை பிறழாது செய்தபின்னரே அரைக்கிலோவோ ஒரு கிலோவோ கூட்டுதல் வேண்டும். ஒற்றைக்கம்பியிற் சட்டையின் முழுப்பாரமும் கைகளையே சாருமாதலால், அங்கே எடையைக் குறைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. முழங்கால், இடுப்பு, கழுத்து ஆகியவற்றில் நோவுள்ளவரும், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவரும் மருத்துவரைக் கேளாது அணிதலாகாது.

நம் பழைய மாணவர்களிற் சிலர், எலும்பு தேய்வதைத் தடுக்க இச்சட்டை உதவுமோ என்று வினவலாம். மாதவிடாய் நின்ற மகளிர் சிலர் ஐந்தாண்டுகள் பாரச்சட்டையணிந்து குதித்தற்பயிற்சியும் செய்ததால், இடுப்பெலும்பின் தேய்வு தடைப்பட்டதென 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுதினர். ஆனால், உடலெடையைக் குறைத்துவந்த முதியோர் 150 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தப்பெற்று 2025-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நாடோறும் சட்டையணிந்தமை மட்டும் இடுப்பெலும்பின் தேய்வைத் தடுக்கவில்லை எனக் கண்டனர். சட்டை பயிற்சிக்குத் துணையே அன்றிப் பயிற்சிக்கு ஈடாகாது என்பதே இவ்விரண்டாலும் நாம் கொள்ளத்தக்க பொருள்.

ஆதலின் மாணவ நண்பர்களே! பிறர் காணப் பெரும்பாரம் பூணுதலில் பெருமை யாதுமில்லை. தம் உடலின் அளவை அறிந்து, அதற்கேற்ற சிறிய படிகளில் ஏறுவோரே நெடுநாள் வலிமையுடன் வாழ்வர். சட்டையை வாங்குமுன் உங்கள் எடையை அறியுங்கள். உங்கள் தண்டாலை எண்ணுங்கள். அணிந்து, மூச்செடுத்து, குந்தி, குதித்துப் பாருங்கள். இந்நான்கும் செய்தபின் வாங்கும் சட்டை எளிய விலையினதாயினும் உங்களுக்கு நன்கு பயன்படும்.