மணிமுடி இழந்த பாபிலோன்

மார்ட்டின் லூதர் ஜெர்மன் மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் விட்டன்பர்க் நகரில் அச்சேறியபோது, அதன் கடைசி நூலாகிய திருவெளிப்பாட்டுக்கு மட்டும் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறை 21 முழுப்பக்க மரச்செதுக்குப் படங்களை உருவாக்கித் தந்தது. அவற்றுள் ஒன்றில், ஏழு தலைகள் கொண்ட விலங்கின்மேல் பாபிலோன் என்னும் பெண் கையில் கிண்ணம் ஏந்தி வீற்றிருக்கிறாள்.

இத்தகைய படத்தின் அரசியலை அறிய விரும்புவோர், மூல நூல் சொல்லாத எதை ஓவியர் சேர்த்திருக்கிறார் என்று முதலில் தேட வேண்டும். விலங்கும் கிண்ணமும் திருவெளிப்பாட்டில் உள்ளவை. அப்பெண்ணின் தலையிலுள்ள மூன்றடுக்கு மணிமுடியோ அதில் எங்கும் இல்லை. அது ரோமின் திருத்தந்தைக்கே உரிய முடி என்பதால், எழுத்தறியாத உழவரும் கைவினைஞரும்கூட, பாபிலோன் என்று இங்கே சுட்டப்படுவது திருத்தந்தையின் ஆட்சியே என்பதைப் பார்த்த அளவில் புரிந்துகொண்டிருப்பர். கிரானாக்குக்கு முன்மாதிரியாக அமைந்த ஆல்பிரெக்ட் டியூரரின் 1498ஆம் ஆண்டுப் படத்தில் அதே பெண் வெனிஸ் நகரச் சீமாட்டியின் உடையில் தோன்றுகிறாளே தவிர, அம்மணிமுடியை அணிந்திருக்கவில்லை. இடைப்பட்ட கால் நூற்றாண்டில், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517இல் லூதர் தொடங்கிய பூசலும், 1521இல் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டதும் நடந்து முடிந்திருந்தன.

சாக்சனியின் ஒரு பகுதியை ஆண்ட, பழைய திருச்சபையில் உறுதியாக நின்ற ஜார்ஜ் கோமகன், நவம்பரிலேயே இந்நூலைத் தம் ஆட்சிப் பகுதியில் தடைசெய்தார். டிசம்பரில் வெளிவந்த மறுபதிப்பில் அப்பெண்ணுக்கு எஞ்சியது சாதாரண முடி ஒன்றே. மரச்செதுக்கில் மேடாக நிற்கும் கோடுகளே மை ஏற்றுத் தாளில் பதியும், செதுக்கி எடுத்த பள்ளங்கள் வெண்மையாக விடப்படும் என்பதால், புதுக் கட்டை எதுவும் செய்யாமல், மேலடுக்குகளின் கோடுகளை உளியால் சீவி எறிந்தாலே போதுமானதாயிற்று. ஆட்சியாளரின் சினத்துக்கு அஞ்சிச் செய்த இந்தச் சிறு செதுக்கலைவிட, அம்முடி எவ்வளவு கூர்மையாகத் தைத்தது என்பதற்கு நேரடியான சான்று வேறு வேண்டியதில்லை. 1534இல் லூதரின் முழு விவிலியம் வெளிவந்தபோது மூன்றடுக்கு முடி மீண்டும் பாபிலோனின் தலைக்கு ஏறியது.

ஆயினும் தணிக்கையின் கண் எல்லாவற்றையும் கண்டுவிடவில்லை. பாபிலோன் நகரம் இடிந்து விழும் படத்துக்கு, 1493இல் வெளிவந்த நியூரம்பர்க் வரலாற்று நூலிலிருந்த ரோம் நகரக் காட்சியையே கிரானாக் பயன்படுத்தியிருந்தார். லூதரின் எதிரியான ஹியெரோனிமஸ் எம்சர், ஜார்ஜ் கோமகனின் ஆதரவோடு 1527இல் டிரெஸ்டனில் வெளியிட்ட கத்தோலிக்கப் பதிப்புக்கு கிரானாக்கின் கட்டைகளையே பெற்றுப் பயன்படுத்தினார். அதனால் திருத்தந்தையின் தரப்பில் நின்று அச்சிடப்பட்ட அந்நூலிலும் ரோம் இடிந்து விழுந்தது.