இருவர் ஏறும் மலைப்பாதை

இருவர் நெடுந்தூரம் செல்ல மோட்டார் சைக்கிளைத் தயார் செய்பவர்கள் பெரும்பாலும் பாக்ஸிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பின்னால் ஒரு பெரிய பாக்ஸ், பக்கத்துக்கு ஒன்று, முன்னால் உயரமான கண்ணாடி. பின்னால் உட்காருபவரின் சௌகரியமோ ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. மலேசியாவின் கேமரன் மலைப் பாதையில் இது சீக்கிரமே தெரிந்துவிடும்.

கோலாலம்பூரிலிருந்து மலையடிவாரத்திலுள்ள தாப்பா வரை சுமார் 150 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. மோட்டார் சைக்கிளுக்கு டோல் கட்டணமும் இல்லை. அதுவரை எந்த வண்டியும் சுகமாகத்தான் ஓடும். தாப்பாவிலிருந்து மலைமேல் உள்ள தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதற்குள் 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு, எதிரே காய்கறி லாரி.

இரண்டாவது ஆளும் சாமான்களும் ஏறியதும் கூடும் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தில்தான் விழுகிறது. பின்பகுதி தாழ்கிறது, முன்சக்கரம் இலேசாகிறது, வளைவில் வண்டி சொன்னபடி திரும்புவதில்லை. முகப்பு விளக்கும் மேல்நோக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்கிறது. இதைத் தவிர்க்கப் பின்பக்க ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்ட வேண்டும். கணக்கு எளிது. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து இருக்கைக்குக் கீழே ஒரு புள்ளிவரை அளந்துகொள்ள வேண்டும். பிறகு இருவரும் சாமான்களோடு ஏறி உட்கார, மீண்டும் அதே அளவு. சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்திருந்தால் சரி. 120 மில்லிமீட்டர் அசையும் வண்டிக்கு 40. பாதிக்கு மேல் தாழ்ந்தால் ஒவ்வொரு பள்ளமும் பின்னால் இருப்பவரின் முதுகெலும்பில் இறங்கும். ஸ்பிரிங்கை முழுதாக இறுக்கியும் சரிவராவிட்டால் கூடுதல் எடைக்கான ஸ்பிரிங்கே தேவை. டயர் காற்றையும் கையேட்டில் இருவருக்கெனக் கொடுத்த அளவுக்கு, டயர் சூடேறும் முன்பே நிரப்பிவிட வேண்டும்.

அடுத்தது இருக்கை. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் குறை வெளிப்படும். பின்இருக்கை முன்பக்கம் சரிந்திருந்தால், தாப்பா நோக்கி இறங்கும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் இருப்பவர் சறுக்கி ஓட்டுநர் முதுகில் மோதுவார். இருவர் பாரமும் ஓட்டுநரின் மணிக்கட்டில் இறங்கும். இருக்கை தைப்பவரிடம் கொடுத்து அதைச் சமதளமாக்கி, வழுக்காத உறை போடலாம். மெத்தென்ற ஸ்பாஞ்ச் கடையில் சொகுசாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும். அடர்த்தியான, அகலமான ஸ்பாஞ்சே நல்லது. கைப்பிடியும் முதுகுத் தாங்கியும் அவசியம். கால்மிதி உயரமாக இருந்து முழங்கால் மிகவும் மடங்கினால் சற்று இறக்கிப் பொருத்தலாம், புகைக்குழாயில் கால் படாதபடி.

இந்தத் தேவையைத் தயாரிப்பாளர்களும் கவனித்திருக்கிறார்கள். மலேசியாவில் மோடெனாஸ் பெயரில் விற்கும் டோமினார் 400 வண்டிக்கு, இந்தியாவில் பஜாஜ் 2021இல் உயரமான கண்ணாடி, கேரியர், முதுகுத் தாங்கி ஆகியவற்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியது.

பாக்ஸுக்கு இப்போதுதான் முறை வருகிறது. பின்பாக்ஸ் சக்கர அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குவதால் அதில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தை மேலும் இலேசாக்கும். கனமான பொருளெல்லாம் பக்கவாட்டுப் பாக்ஸுகளில் கீழே. மழைக்கோட்டு, ஜாக்கெட் மட்டும் பின்பாக்ஸில். பாக்ஸ், இருவர், சாமான் எல்லாம் சேர்ந்து வண்டியின் கையேடு சொல்லும் எடை வரம்பைத் தாண்டக் கூடாது. வண்டியின் கட்டமைப்பையே மாற்றும் வேலைக்கு மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும்.

மலைமேல் சமவெளியைவிட எட்டு, ஒன்பது டிகிரி குளிர் அதிகம்; மழையும் சேர்ந்தால் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கே முதலில் நடுக்கம் வரும். மழைக்கோட்டு அவருக்கும் தனியாக இருக்கட்டும். பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி, 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் வழி குறுகலானது. எதிரே வேன் வந்தால் சரிவில் நிறுத்தி ஒதுங்க நேரும். அங்கே பின்னால் இருப்பவரை இறக்கிவிட்டுத் திருப்புவதே பத்திரம்.

வீடு திரும்பித் தனியாக ஓட்டும்போது ஸ்பிரிங்கையும் டயர் காற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம். இருவருக்கென இறுக்கிய வண்டி ஒருவரைத் தூக்கித் தூக்கிப் போடும்.